கொண்டோவில் சார்ஜர் இல்லை, ஊர் பட்டர்வொர்த்: மின்சாரக் கார் எடுக்கலாமா?

செந்தூல்வாசி · திங்கள், இரவு 9.18

வணக்கம் மக்களே. செந்தூல்ல கொண்டோ, பேஸ்மெண்ட் 2-ல சொந்த பார்க்கிங் லாட் ஒண்ணு. வேலை சைபர்ஜெயாவுல, போய்வர கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். பழைய விவாவைக் கொடுத்துட்டு புரோட்டோன் இ.மாஸ் 7 எடுக்கலாம்னு வீட்டுல பேச்சு ஓடுது. பேச்சுன்னு சொல்றேன், வீட்டம்மா கலர் வரைக்கும் பார்த்தாச்சு.

கொண்டோவில சார்ஜர் கிடையாது. என் லாட்டுக்குப் பக்கத்துத் தூண்ல ஒரு மூணு பின் சாக்கெட் இருக்கு, துப்புரவு மெஷின் சொருகுறது. ஷோரூம் பையன் "அதுல சொருகுங்க பாஸ், ராத்திரி போட்டா காலையில ரெடி"ன்னு சொல்றான். அடுத்தது, அம்மா பட்டர்வொர்த்துல இருக்காங்க. அடிக்கடி போகணும், தீபாவளிக்குக் கண்டிப்பா போகணும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நடுவழியில எங்கே நிறுத்துறது?

ஓட்டுறவங்க சொல்லுங்க. வீடியோ பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம்.

மைவி_மன்னன் · திங்கள், இரவு 9.31

மைகார்டைத் தட்டினா மானிய பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு. அஞ்சு நிமிஷத்துல டேங்க் ஃபுல். நீங்க வழியில தாப்பாவில சார்ஜருக்கு லைன் பிடிச்சு நிக்கிற நேரத்துல நான் பட்டர்வொர்த்துல மீன் கறி ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்.

ஆனாலும் வாங்குங்க. கதை கேட்க கச்சாங் பூத்தே பொட்டலத்தோட உட்கார்ந்தாச்சு.

ராவாங்_வயர்மேன் · திங்கள், இரவு 10.05

தம்பி செந்தூல், முதல்ல அந்தத் தூண் சாக்கெட் சங்கதி. ஷோரூம் பையன் 7 மணிக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான். ராத்திரி எரிஞ்சா எரியுறது உன் லாட்டுல.

கெட்டில் ரெண்டு மூணு நிமிஷம் இழுக்கும், நின்னுடும். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானா கட் ஆகும். கார் அப்படி இல்ல, விடிய விடிய ஒரே இழுப்பு. காரோட வர்ற போர்ட்டபிள் சார்ஜர் பெரும்பாலும் 8 இல்ல 10 ஆம்ப், அதாவது ரெண்டு கிலோவாட் சொச்சம். பத்து மணி நேரம் போட்டா 20 யூனிட், சுமார் 120 கிலோமீட்டர் ஓடலாம். கணக்குப்படி உன் சைபர்ஜெயாவுக்குத் தாராளம். ஆனா அந்தச் சாக்கெட்டை யார் போட்டது, எத்தனை சாக்கெட் ஒரே வயர்ல தொங்குது, திருகாணி கடைசியா எப்போ முறுக்கினாங்க, யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடுறப்போ நான் பார்க்குறது எப்பவும் ஒரே காட்சி. வெளியே பார்த்தா சாக்கெட் புதுசு மாதிரி இருக்கும். முகப்பைக் கழட்டினா லைவ் பக்கத் திருகாணி தளர்ந்து, சுத்தியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, வயர் தோல் ஒரு விரல் நீளத்துக்கு மொறுமொறுன்னு ஆகி, தொட்டா உதிரும். அதுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்க "ஏதோ மீன் கவிச்சி அடிக்குது அண்ணே"ன்னு சொல்லியிருப்பாங்க. பிளாஸ்டிக் கருகுற வாடை அது. அந்த வாடை வந்தா கையால பிளக்கைப் புடுங்காதே, டிபி பெட்டியில (வீட்டு சுவிட்சு, ஃபியூஸ் எல்லாம் இருக்கிற பெட்டி) மெயினை இறக்கிட்டு அப்புறம் பாரு.

எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இழுக்குறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதா இல்ல. சுருட்டின வயர்ல கார் சார்ஜ் பண்றவங்க பொம்பா (தீயணைப்பு) நம்பரைப் போன்ல ஏத்தி வச்சுக்கங்க.

சொந்தத் தரை வீடுன்னா பேச்சே வேற. டிபி பெட்டியிலிருந்து தனி லைன், அதுக்குன்னு தனி எம்சிபி (இழுப்பு கூடினா கட் பண்றது), தனி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா கட் பண்றது). கார் சார்ஜருக்கு ஆர்சிசிபி டைப் பி போடணும், இல்லேன்னா சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கிற வசதி இருந்தா டைப் ஏ போதும். வீட்டு மெயின்ல இருக்கிற 100 மில்லிஆம்ப் ஈஎல்சிபி (அதுவும் கசிவு கட் பண்றதுதான்) இதுக்குக் காவல் ஆகாது. சிங்கிள் பேஸ்ல 32 ஆம்ப், 7 கிலோவாட். வயர் குறைஞ்சது 6 மில்லிமீட்டர் ஸ்கொயர். போர்ச்சு தூரம்னா 10. எர்த் ரீடிங் 10 ஓமுக்குக் கீழே இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்த்துக் காட்டச் சொல்லு. காட்டாதவனுக்குக் காசு கொடுக்காதே. சுருஹான்ஜாயா தெனாகாவில (எரிசக்தி ஆணையம்) பதிஞ்ச வயர்மேனா இருக்கணும், அதையும் கேட்டு வாங்கிப் பாரு.

பூச்சோங்_டீச்சர் · திங்கள், இரவு 10.40

வயர்மேன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் டெரஸ் வீட்டிலும் அப்படித்தான் தனி லைன் இழுத்தோம். பழைய சிங்கிள் பேஸ் வீடு. மூன்று ஏர்கான், வாட்டர் ஹீட்டர், கார் எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் தாங்காது என்று வயர்மேன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் மெயின் வயரில் கவ்வி போல ஒன்றை மாட்டி, வீட்டு இழுப்பு கூடினால் சார்ஜர் தானாகக் குறைத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். த்ரீ பேஸுக்கு மாற்றும் செலவு மிச்சம். இராத்திரி முழுக்க நேரம் இருக்கும்போது 11 கிலோவாட், 22 கிலோவாட் எல்லாம் பெருமைக்குத்தான். 22 கிலோவாட் சார்ஜர் வாங்கினாலும் காருக்குள் இருக்கும் சார்ஜர் 7 என்றால் 7-தான் ஏறும். எங்கள் பிஒய்டி டால்பின் காருக்கு அதுதான் வரம்பு. இ.மாஸ் 7-க்கு 11 வரை போகும், த்ரீ பேஸ் இருந்தால்.

கொண்டோ சமாச்சாரத்தில் எனக்கு அனுபவம் இல்லை.

பிறை_ஓட்டுநர் · செவ்வாய், காலை 12.20

மச்சான், நான் ஃபிளாட்டுல இருக்கேன், பிளக்கே கிடையாது, பிஒய்டி அட்டோ 3 மின்சாரக் கார்ல வாடகை ஓட்டுறேன். அதனால வீட்டுல சார்ஜர் இல்லாம முடியுமான்னு கேட்டா, முடியும். நல்லா இருக்குமான்னு கேட்காதே.

மதியச் சாப்பாட்டு நேரத்துல மால்ல ஏசி பாயிண்ட் (மெதுவா ஏத்துற சார்ஜர்) பார்த்துப் போடுவேன். டிசியை விட மலிவு, ரெண்டு மணி நேரம் நின்னா 14 யூனிட் ஏறும். மிச்சத்துக்கு டிசி, அதாவது வேகமா ஏத்துறது. டிசி இங்கே யூனிட்டுக்கு 1 வெள்ளி 20-லிருந்து 1.60 வரைக்கும் போகுது, சில இடம் நிமிஷக் கணக்கு. நிமிஷக் கணக்குல போடுறவங்க 80 விழுக்காடு தாண்டி உட்கார்ந்திருந்தா அது தர்மம் பண்றதுதான். 80-க்கு மேல எந்த பேட்டரியும் மெதுவாத்தான் வாங்கும், காசு மட்டும் அதே வேகத்துல ஓடும்.

போன்ல சார்ஜர் ஆப் மட்டும் ஒரு பக்கம் ரொம்பிக் கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் இருபது வெள்ளி, அம்பது வெள்ளின்னு மாட்டிக்கிட்டு நிக்குது. ஒரு கம்பெனி ஆப்ல "கிடைக்கும்"னு பச்சை காட்டும், போய்ப் பார்த்தா ஸ்கிரீன் செத்துக் கிடக்கும். பேரு சொல்லல, வடக்க ஓட்டுறவங்களுக்குத் தெரியும்.

மைவி_மன்னன் · செவ்வாய், காலை 7.55

1 வெள்ளி 60-ஆ? ஒரு நிமிஷம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் குடிக்கும்?

பிறை_ஓட்டுநர் · செவ்வாய், காலை 8.10

ஊருக்குள்ள 15. ஹைவேயில 110-ல பிடிச்சா 17, 18.

மைவி_மன்னன் · செவ்வாய், காலை 8.22

அப்போ சராசரி 16 வச்சுக்கிட்டு 1 வெள்ளி 40 போட்டா 100 கிலோமீட்டருக்கு 22 வெள்ளி 40. என் மைவி 6 லிட்டர் குடிச்சா 11 வெள்ளி 94.

யோவ், பெட்ரோலை விட கரண்டு டபுள் விலையா? இதைத்தான் எல்லாரும் மிச்சம் மிச்சம்னு சொல்றீங்களா?

பூச்சோங்_டீச்சர் · செவ்வாய், பிற்பகல் 3.15

பள்ளி முடிந்து வந்து பார்த்தால் மைவி மன்னர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவருடைய கணக்கு சரிதான். வெளியே டிசியில் மட்டும் ஓட்டினால், 2025 செப்டம்பர் கடைசியில் பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டம் வந்த பிறகு, சின்ன பெட்ரோல் காரை ஜெயிக்க முடியாது. இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் போட்டால் என்ன விலை என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 ஜூலை 1-இல் தெனாகா மின் கம்பெனியின் பில் அமைப்பு மாறியது. எல்லோரும் சொல்வது: எரிசக்தி 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55, நெட்வர்க் கட்டணம் 12.85, மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். இதை 16-ஆல் பெருக்கி 100 கிலோமீட்டருக்கு 7 வெள்ளி 11 காசு என்று முகநூலில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் 1000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு ஊக்கச் சலுகை உண்டு. பயன்பாடு ஏற ஏற அந்தச் சலுகை இறங்கும், அதுவும் மொத்த யூனிட்டுக்கும் சேர்த்து இறங்கும். எங்கள் வீடு முன்பு 400 யூனிட். 400-இல் சலுகை யூனிட்டுக்கு 17 சென், ஆக பில் சுமார் 110 வெள்ளி. கார் வந்து 300 யூனிட் கூடி 700 ஆனதும் சலுகை 5.5 சென்னாகச் சுருங்கியது. 600-ஐத் தாண்டியதால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேர்ந்தது. பில் சுமார் 282 வெள்ளி. வித்தியாசம் 172. அதை 300-ஆல் வகுத்தால் காருக்குப் போன யூனிட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 57 சென். 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி தனி. மாதாமாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டலையும் இதில் சேர்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏர்கானை நிறுத்தாமல் ஓட்டி ஏற்கெனவே 1000 யூனிட் தாண்டிய வீட்டுக்கு இழக்கச் சலுகையே இல்லை, 1500 யூனிட்டைத் தாண்டாத வரை அவர்களுக்குக் கார் யூனிட் அந்த 44 சென்தான். சிக்கனமாக இருந்தவர் கூடக் கட்டுகிறார்.

இருந்தாலும் 57 சென் என்று வைத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 9 வெள்ளி சொச்சம். மைவிக்கு 12. மாதம் 1,800 கிலோமீட்டருக்கு அம்பது வெள்ளி மிச்சம். அதற்காகவே ஒருவர் லட்சம் வெள்ளிக் கார் வாங்கினால் அவருக்குக் கணக்கு நான் சொல்லித்தர முடியாது. எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, ஓட்டச் சுகம், சத்தம் இல்லை, அதற்காக வாங்கினேன் என்றால் சரி.

செந்தூல்வாசி · செவ்வாய், இரவு 8.47

டீச்சர், இந்த மாதிரி யாரும் பிரிச்சுச் சொல்லல. நன்றி.

நேரக் கணக்கு டேரிஃப்னு ஒண்ணு இருக்காமே, ராத்திரி போட்டா மலிவுன்னு?

பூச்சோங்_டீச்சர் · செவ்வாய், இரவு 9.20

இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் கேட்டு வாங்கலாம். வார நாளில் பிற்பகல் 2-இலிருந்து இரவு 10 வரை பீக், எரிசக்தி 28.52 சென். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை முழுக்கவும் 24.43. சாதாரண விலையை விட 2.6 சென் குறைவு. 300 யூனிட் காருக்கு மாதம் 7 வெள்ளி 80 காசு. அதே நேரம் சாயங்காலம் ஏர்கான், துணி மெஷின் எல்லாம் ஒன்றரை சென் கூட. பகலில் ஆளில்லாத வீட்டுக்கு லாபம். எங்கள் மாமியார் பகல் முழுக்க வீட்டில்தான், நான் மாறவில்லை.

கமிட்டி_சேராஸ் · செவ்வாய், இரவு 10.02

நான் சேராஸ் பக்கம் ஒரு கொண்டோவின் ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) கமிட்டியில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் வயரைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தச் சாக்கெட்டின் கரண்டு யார் காசு என்று யாரும் கேட்கவில்லை.

தூண் சாக்கெட் பொதுச் சொத்து. அதில் ஓடும் யூனிட் மெயின்டனன்ஸ் கணக்கிலிருந்து போகிறது, அதாவது மாதாமாதம் ஒழுங்காகக் கட்டும் பென்ஷன்காரப் பாட்டியின் காசு. எங்கள் இடத்தில் ஒருவர் கார்ட் ஹவுஸிலிருந்து வயர் இழுத்துப் போட்டிருந்தார். கேட்டால் "ராத்திரி மட்டும்தானே" என்கிறார். சாக்கெட்டுகளுக்கு எல்லாம் பூட்டுப் போட்டுவிட்டோம். செந்தூல் தம்பி, தயவு செய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் திருட்டுத்தனமாகச் சொருகினால், முறையாகக் கேட்டு வரும் அடுத்த பத்துப் பேருக்கும் கதவு சாத்தப்படும்.

பிறை_ஓட்டுநர் · செவ்வாய், இரவு 10.15

சார், கமிட்டி எப்பவும் சாத்துற கதவைத்தான் காட்டும். திறக்குற கதவு எங்கே?

கமிட்டி_சேராஸ் · செவ்வாய், இரவு 10.51

நியாயமான கேள்விதான். நாங்களும் முதலில் "பேஸ்மெண்ட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது" என்று முடியாது என்றுதான் சொன்னோம். பயம் பொய்யில்லை; பேஸ்மெண்ட்டில் எந்தக் கார் எரிந்தாலும் பொம்பாவுக்குப் பாடு. ஆனால் கார் பேஸ்மெண்ட்டில் நிற்பதை நாங்கள் தடுக்க முடியாது, அது அவருடைய லாட். நின்றபடி கள்ள வயரில் சார்ஜ் ஏறுவதை விட, முறையான லைனில் ஏறுவது எங்களுக்கே பாதுகாப்பு. இந்த வாதத்தை ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) எழுந்து சொன்னது ஓய்வுபெற்ற ஒரு தெனாகா ஊழியர். அதற்குப் பிறகு கூச்சல் பாதியாகக் குறைந்தது.

செந்தூல் தம்பி புரிந்துகொள்ள வேண்டியது: லாட் உங்களுடையதாக இருந்தாலும், வயர் ஓடும் சுவரும் கூரையும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் அதை நிர்வகிப்பது ஜேஎம்பி, ஸ்ட்ராட்டா கிராண்ட் (வீட்டுக்கு வீடு தனிப் பட்டா) வந்து கைமாறிய இடத்தில் எம்சி (நிர்வாகக் கழகம்). அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது. உங்கள் வீட்டு மீட்டர் பதினைந்தாவது மாடி ரைசர் அறையில் (மாடிக்கு மாடி வயர் ஏறும் அறை) இருந்தால் அங்கிருந்து பேஸ்மெண்ட்டுக்கு வயர் இழுப்பது காசைக் கரைக்கிற வேலை. எங்கள் இடத்தில் பொது சப்ளையிலிருந்து எடுத்து, லாட்டுக்கு லாட் துணை மீட்டர் வைத்து, மாதாமாதம் பில்லில் சேர்க்கிறோம். எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதைக் கட்டடத்தின் மொத்த லோடைப் பார்த்து எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு எல்லோரும் வேலையிலிருந்து வந்து ஒரே நேரத்தில் சொருகினால் லிஃப்ட் நிற்குமா என்பதுதான் கிழவர்கள் கேட்டது. நிற்காது, சார்ஜர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்படி அமைக்கலாம்.

வெளிக் கம்பெனியைக் கூப்பிட்டு விருந்தினர் லாட்டில் பொதுச் சார்ஜர் வைப்பது இன்னொரு வழி. முதலீடு அவர்களுடையது, லைசென்ஸ் தலைவலியும் அவர்களுடையது. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். எங்களிடம் வந்த ஒன்றில், பல வருடத்துக்கு வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது, சொந்த லாட்டில் யாரும் சார்ஜர் வைக்கக்கூடாது என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருந்தது. அதை அடித்துவிட்டு அனுப்பினோம், திரும்பி வரவே இல்லை.

செந்தூல்வாசி · செவ்வாய், இரவு 11.30

சார், உண்மையா சொன்னா அந்தத் தூண் சாக்கெட்டை நாளைக்கே டெஸ்ட் பண்ணலாம்னு இருந்தேன். விட்டாச்சு. எங்க இடம் இன்னும் ஜேஎம்பிதான். தனியாப் போய்க் கேட்டா துரத்திடுவாங்க. காருக்கு ஆசைப்படுற மத்தவங்களைச் சேர்த்துக்கிட்டுப் போறேன். வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு வரி போட்டேன், பதில் வந்த வேகத்தைப் பார்த்தா நான் மட்டும் இல்ல போலிருக்கு.

இனி பட்டர்வொர்த் வழி சொல்லுங்க.

பிறை_ஓட்டுநர் · புதன், காலை 12.05

இதான் என் பாடம். தூரம் சுமார் 350. இ.மாஸ் 7 பெரிய பேட்டரி 60.22 யூனிட், சின்னது 49.52. கம்பெனி பேப்பர்ல 410-ம் 345-ம் போட்டிருக்கும். அதெல்லாம் ஹைவேயில 110-ல ஏர்கான் போட்டு, குழந்தை, பெட்டி, அத்தைக்குக் கொண்டு போற அரிசி மூட்டையோட ஓட்டாத கணக்கு. பெரிய பேட்டரியிலேயே ஒரு தடவை நிறுத்தணும், சின்னதுல நிச்சயம் நிறுத்தணும், சில நேரம் ரெண்டு தடவை.

செந்தூல்ல 100-ல கிளம்பு. எல்லாரும் தாப்பாவில நிறுத்துவாங்க, பெரிய சார்ஜர் முதல்லயே வந்த இடம், பேரு பெற்றுடுச்சு. சாதாரண செவ்வாய்க்கிழமைன்னா நீயும் நிறுத்து, ஒரு தே தாரிக் குடிக்கிறதுக்குள்ள வேலை முடியும். பெருநாள் நேரத்துல அங்கே நிக்காதே. ஈப்போவுக்கு வெளியே இறங்கிடு. டோல் தூரக் கணக்குல போறதால வெளியே போய் உள்ளே வந்தா பெருசா ஒண்ணும் கூடாது. டவுனுக்குள்ள இருக்குற டிசிக்கு ஹைவேக்காரங்க வர மாட்டாங்க. குழந்தைக்குத் துணி மாத்த நல்ல கழிவறை இருக்கிற மாலாப் பார்த்துக்கோ, ஹைவே ஓய்விடம் ஆர் அண்ட் ஆர்ல பெருநாளைக்குக் கழிவறைக்கே லைன் நிக்கும்.

ஈப்போவுல எத்தனை விழுக்காடோட கிளம்புறேன்னு கணக்குப் போடுறப்ப, அங்கேருந்து வடக்க மெனோரா டன்னல் ஏத்தம் இருக்குன்னு நினைவு வச்சுக்கோ. ஜெலாபாங் தாண்டினதும் விழுக்காடு மளமளன்னு இறங்கும், புதுசா ஓட்டுறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். பதறாதே, கோலகங்சார் பக்கம் இறங்குறப்ப கொஞ்சம் திரும்ப ஏறும்.

இன்னொண்ணு. 10 விழுக்காடு மிச்சத்துல சார்ஜருக்குப் போய்ச் சேர்ற மாதிரி எவன் திட்டம் போட்டாலும் கேட்காதே. அந்தச் சார்ஜர் செத்திருந்தா அடுத்ததுக்குப் போற அளவு மிச்சம் இருக்கணும். நான் 25-க்குக் கீழ இறங்க விடுறதில்ல.

மைவி_மன்னன் · புதன், காலை 8.40

அரிசி மூட்டை வரைக்கும் கணக்குப் போட்ட ஆளை இப்பதான் பார்க்குறேன். மரியாதை.

சரி, ஒரு உண்மையான கேள்வி. என் மாமா பையனும் வாங்கப் போறான். 80-க்கு மேல போடாதேன்னு ஒருத்தன் சொல்றான், 100 போட்டே ஆகணும்னு இன்னொருத்தன் சொல்றான். எது?

பூச்சோங்_டீச்சர் · புதன், பிற்பகல் 3.40

இரண்டு பேரும் வேறு வேறு பேட்டரியைச் சொல்கிறார்கள். இ.மாஸ் 7, டால்பின், அட்டோ 3 எல்லாம் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் விழுக்காட்டைக் காரே சரியாகக் கணிக்க அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள், வாரம் ஒரு தடவை என்பது பொதுவான பேச்சு. நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரி என்றால் தினசரிக்கு 80 நல்லது, பயணத்துக்கு முதல் இரவு மட்டும் 100. அவருடைய காரின் கையேட்டில் எழுதியிருக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பூன்_தங்கச்சி · புதன், இரவு 9.05

அண்ணன்மாரே, சார்ஜர் வைக்கிற செலவுக்கு 2,500 வெள்ளி வருமான வரியில திரும்பக் கிடைக்கும்னு சொல்றாங்க, உண்மையா?

பூச்சோங்_டீச்சர் · புதன், இரவு 9.26

திரும்பக் கிடைக்காது தங்கச்சி. அது வரிக் கழிவு, 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு. வரி கட்ட வேண்டிய வருமானத்திலிருந்து 2,500 வரை கழியும். நீங்கள் 11 விழுக்காட்டுப் படியில் இருந்தால் கையில் மிஞ்சுவது 275 வெள்ளி. வாங்கியது, பொருத்தியது, வாடகை, சந்தா எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வரம்புதான். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ரோடு டேக்ஸ் இலவசம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது, இனி மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்து. அதையும் கணக்கில் சேருங்கள்.

செந்தூல்வாசி · வெள்ளி, இரவு 10.12

ஜேஎம்பி செயலாளரைப் பார்த்தாச்சு. ஒன்பது வீட்டுக்காரங்க கையெழுத்து போட்ட கடிதம். முதல்ல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். கமிட்டி சார் சொன்ன "கள்ள வயரா, முறையான லைனா"ன்ற வாதத்தை அப்படியே எடுத்து விட்டேன். எஞ்சினியரை வச்சு லோடு பார்க்க அடுத்த கூட்டத்துல பேசுறோம்னார். செலவை யார் ஏத்துக்கிறதுன்னு இழுபறி இருக்கு, ஒன்பது பேரும் பங்கு போட்டுக்கிறோம்னு சொல்லியிருக்கோம்.

அது முடியுற வரைக்கும் புக்கிங் போடுறதில்லன்னு வீட்டுல சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேச்சில்ல. இன்னைக்குத்தான் சாப்பாடு சூடா கிடைச்சது.

வயர்மேன் அண்ணே, இன்னொரு உதவி. அம்மா வீடு பட்டர்வொர்த்துல பழைய டெரஸ், போர்ச்சுல ஒரு சாக்கெட். ரெண்டு நாள் தங்குறப்ப போர்ட்டபிள்ல மெதுவா போட்டா போதும். அங்கே மழையும் இடியும் ஜாஸ்தி வேற.

ராவாங்_வயர்மேன் · வெள்ளி, இரவு 10.58

மழையில போடலாம் தம்பி, அதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா கண்ட்ரோல் பெட்டி தரையில தண்ணியில கிடக்கக்கூடாது, சுவத்துல ஆணி அடிச்சு மாட்டு. பிளக்கும் சாக்கெட்டும் சாரல் படாத இடமா இருக்கணும். இடி பக்கத்துல விழுதுன்னா கழட்டி வச்சுடு. காருக்கு ஒண்ணும் அவசரமில்ல, விடியுற வரைக்கும் நேரம் இருக்கு. டிபியில சர்ஜ் புரொடெக்டர் இருந்தா நல்லது, பழைய வீட்டுல இருக்காது.

அம்மா வீட்டு சாக்கெட்டை நம்பாதே. எத்தனை வருஷத்து வயர்னு யாருக்குத் தெரியும், ஃபிரிட்ஜும் அதே லைன்லதான் தொங்கும். அந்த ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் டிபியிலிருந்து புது வயர், தனி எம்சிபி, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டா அரை நாள் வேலை. பட்டர்வொர்த்துல எனக்குத் தெரிஞ்ச பதிவு வயர்மேன் இருக்கார், சொல்லி விடுறேன். அதுக்கு முன்னாடி அம்மாவை விட்டு டிபி பெட்டி மூடியைத் திறந்து ஒரு படம், மீட்டர் பக்கம் ஒரு படம், போர்ச்சு சாக்கெட் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு. திருகாணி எதையும் கழட்டச் சொல்லாதே, மூடி திறந்தா போதும்.

செந்தூல்வாசி · சனி, காலை 8.30

அனுப்பியாச்சு அண்ணே. அம்மா டிபி பெட்டின்னு நினைச்சு தபால் பெட்டியைப் படம் எடுத்திருக்காங்க. பக்கத்து வீட்டுத் தம்பியை எடுக்கச் சொல்லியிருக்கேன், மதியத்துக்குள்ள வரும்.